இத்தனை எஸ்.யு.வி.களும் ஏன் 3,995 மில்லிமீட்டர்? தெரியுமா?

டாடா நெக்ஸான் நீளம் 3,995 மில்லிமீட்டர். ஹூண்டாய் வென்யூ 3,995. மாருதி பிரெஸ்ஸா 3,995. கியா சோனெட்டும் அதே 3,995! ஒருவர் சந்தையை இன்னொருவர் பறிக்கப் பார்க்கிற நான்கு கம்பெனிகள், சொல்லிவைத்தாற்போல ஒரே அளவில் வந்து நின்றது எப்படி? டிசைனர்களின் ரசனை என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். அந்த அளவை வெட்டிக் கொடுத்தது மத்திய அரசின் வரிச் சட்டம்!

2006 பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கு வரிச்சலுகை வந்தது. நீளம் 4,000 மில்லிமீட்டருக்குள், பெட்ரோல் என்றால் இன்ஜின் 1,200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள் இருக்க வேண்டும். அன்று ஹேட்ச்பேக் கார்களை மனதில் வைத்துப் போட்ட கோடு அது. கம்பெனிகள் விடுமா? உயரமான எஸ்.யு.வி.யையே முன்னும் பின்னும் அமுக்கிக் கோட்டுக்குள் நுழைத்துவிட்டன. 2025 செப்டம்பர் 22 முதல் அமலுக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்துக்குப் பிறகு இந்தக் கோடு இன்னும் ஆழமாகிவிட்டது. உள்ளே இருந்தால் 18 சதவீதம், வெளியே போனால் 40 சதவீதம். வரிக்கு முந்தைய விலை 8 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4,000-க்கு மேல் ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடினால் 1,76,000 ரூபாய் கூடுதல் வரி. தங்கத்தைக்கூட யாரும் இந்தக் கணக்கில் அளப்பதில்லை!

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. பிரெஸ்ஸாவும் நெக்ஸானும் நீளத்தில் இரட்டைப் பிறவிகள் என்று பார்த்தோமே, நெக்ஸானின் பெட்ரோல் இன்ஜின் 1,199 சி.சி., பிரெஸ்ஸாவுடையது 1,462 சி.சி. நீளத்தில் தேறி இன்ஜினில் தவறியதால் பிரெஸ்ஸா 40 சதவீதத்தில் மாட்டிக்கொண்டது. ஒரே பார்க்கிங்கில் அக்கம்பக்கமாக நிற்கும் இரண்டு வண்டிகளுக்கு வரி இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஷோரூமில் பத்து அங்குலத் திரையைத் தட்டித் தட்டிக் காட்டுகிறவர் இதைச் சொல்ல மாட்டார். எஸ்.யு.வி. வாங்குகிறவர்கள் படிக்க வேண்டியது அந்தத் திரையை அல்ல, வண்டியில் அங்கங்கே ஒளிந்திருக்கும் பொடி எழுத்துகளை.

பத்து லட்சத்தைத் தாண்டிய அந்தச் சில ரூபாய்!

தமிழ்நாட்டில் சாலை வரிக்கும் இப்படி ஒரு மாயக்கோடு இருக்கிறது, தெரியுமா? 2023 நவம்பரில் மாற்றியமைத்த விகிதப்படி 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கும் மேல் 20 சதவீதம். எக்ஸ்-ஷோரூம் விலை 9,99,000 என்றால் வரி 1,29,870 ரூபாய். 10,01,000 என்றால் 1,80,180 ரூபாய். விலையில் இரண்டாயிரம் ஏறினால் வரியில் ஐம்பதாயிரத்துக்கு மேல் ஏறுகிறது! அலாய் வீலுக்கும் சன்ரூஃபுக்கும் ஆசைப்பட்டு அடுத்த வேரியன்ட்டுக்குத் தாவுகிறவர்கள், தாவும் இடத்தில் இந்தக் கோடு கிடக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்வது நல்லது.

பத்து லட்சத்தைத் தாண்டினால் பில்லில் இன்னொரு வரியும் முளைக்கும். டி.சி.எஸ்., ஒரு சதவீதம். பலர் இதையும் சாலை வரிபோலப் போனது போனதுதான் என்று மறந்துவிடுகிறார்கள். அது உங்கள் பான் எண்ணில் முன்கூட்டியே கட்டிய வருமான வரி! ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், கட்ட வேண்டிய வரி இல்லாவிட்டால் திரும்பவும் வாங்கலாம். பதினைந்து லட்ச ரூபாய் வண்டிக்குப் பதினைந்தாயிரம். வேண்டாம் என்பீர்களா?

அமெரிக்கச் சாலையில் மறைமலை நகர் வண்டி

2018 முதல் சில ஆண்டுகள் அமெரிக்காவில் விற்ற ஃபோர்டு ஈகோஸ்போர்ட் எங்கே பிறந்தது தெரியுமா? செங்கல்பட்டு மாவட்டம் மறைமலை நகரில்! ரெனோ டஸ்டர் 2012-இல் ஒரகடத்தில் பிறந்தது. 2015-இல் வந்த ஹூண்டாய் கிரெட்டாவுக்கு ஊர் இருங்காட்டுக்கோட்டை. மஹிந்திராவின் எக்ஸ்.யு.வி. 700-க்கு மூளை வேலை நடந்தது செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் உள்ள மஹிந்திரா ரிசர்ச் வேலியில். இந்த மஹிந்திராதான் 1947-லேயே வில்லிஸ் ஜீப்புகளைக் கோத்து விற்கத் தொடங்கிய கம்பெனி. அந்த ஜீப்பின் கொள்ளுப்பேரன்களுக்குத்தான் நாம் இன்று இ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருக்கிறோம்.

பெயரில் ஜீப்பின் வம்சம் இருந்தாலும் குணத்தில் பெரும்பாலானவை கார்கள்தான் என்பது அடுத்த அதிர்ச்சி. இந்தியாவில் விற்கும் கிரெட்டாவில் நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் மாடலே கிடையாது. முன்சக்கரம் இரண்டும்தான் இழுக்கும். நான்கு மீட்டருக்குள் வரும் குடும்ப எஸ்.யு.வி.களில் ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான். கொடைக்கானலுக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் போய்வர இது தாராளமாகப் போதும். நான்கு சக்கர விசைக்குப் பணம் கொட்டியவர்களும் ஒன்றை மறந்துவிடக் கூடாது: அது சேற்றிலிருந்து கிளம்ப உதவும், ஈரச் சாலையில் நிற்க உதவாது. பிரேக் பிடித்தால் எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரம்தான்.

ஒன்றரை டன் இரும்பு மிதக்குமா?

மிதக்கும்! சென்னை, தூத்துக்குடி, கடலூர்க்காரர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும்.

நடுத்தர எஸ்.யு.வி. ஒன்று சுமார் 4.3 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம். தரையில் அதன் நிழல் ஏறத்தாழ 7.7 சதுர மீட்டர். வண்டியின் அடித்தட்டுக்கு மேல் தண்ணீர் பத்து சென்டிமீட்டர் ஏறினால், அந்த உடல் விலக்கும் நீர் தோராயமாக 770 லிட்டர், அதாவது 770 கிலோ. இருபது சென்டிமீட்டர் ஏறினால் ஒன்றரை டன். வண்டியின் எடையே அவ்வளவுதானே! கதவு இடுக்கில் தண்ணீர் உள்ளே கசிவதாலும் அடிப்பகுதி சமமாக இல்லாததாலும் நிஜத்தில் இன்னும் கொஞ்சம் ஆழம் தேவைப்படும். அமெரிக்க வானிலைத் துறை பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் எச்சரிக்கையும் இதை ஒட்டியதே: ஓடும் வெள்ளம் இரண்டடி இருந்தால் எஸ்.யு.வி.யையும் அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டடி என்பது நம் முழங்காலுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். உயரமான வண்டி என்ற தைரியத்தில் தரைப்பாலத்தில் இறங்குகிறவர்கள், அடித்தட்டுக்கு மேல் தண்ணீர் ஏறியதும் அந்த வண்டியும் காற்றடைத்த பெட்டியாகிவிடும் என்பதை யோசிப்பதில்லை.

சரி, மிதக்கவில்லை, நடுத்தெருவில் இன்ஜின் மட்டும் நின்றுவிட்டது. அப்போது செய்யவே கூடாத காரியம் எது தெரியுமா? மறுபடி ஸ்டார்ட் பண்ணுவது! காற்று உறிஞ்சும் குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், பிஸ்டன் அதை அமுக்கப் பார்க்கும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராட் வளையும், சிலசமயம் இன்ஜின் பிளாக்கையே பிளக்கும். அந்தச் செலவு வழக்கமான இன்ஷூரன்ஸில் வராது. இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் எடுத்தவர்களுக்கே வரும். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் இந்தப் பாடத்தைப் பணம் கட்டிப் படித்தவர்கள் ஏராளம். சாவியைத் தொடாமல் டோ வண்டிக்குப் போன் செய்தவர்கள் மிச்சம் பிடித்தார்கள்.

ஏழு சீட், ஏழு பேர், எத்தனை கிலோ?

ஏழு சீட் இருந்தால் ஏழு பேரும் ஏழு பெட்டியும் போகலாம் என்று எந்தக் கம்பெனியும் எழுதிக்கொடுக்கவில்லை! ஆர்.சி.யில் இரண்டு எண்கள் இருக்கும். வெற்று வண்டியின் எடை ஒன்று, பாரத்தோடு அதிகபட்ச எடை மற்றொன்று. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதுதான் உங்கள் குடும்பத்துக்கு வண்டி கொடுக்கிற எடை. ஆளுக்கு 70 கிலோ என்றால் ஏழு பேருக்கே 490 கிலோ. அதற்குமேல் தண்ணீர் கேன், சீர்வரிசைப் பாத்திரம், ஊரிலிருந்து அம்மா கட்டிக்கொடுத்த அரிசி மூட்டை! மூன்றாவது வரிசையை நிமிர்த்திவிட்டால் டிக்கியில் பள்ளிக்கூடப் பைகளுக்குத்தான் இடம் என்பதையும் ஷோரூமிலேயே நிமிர்த்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். வாங்கும் முன் பாட்டியைக் கூட்டிப்போய் அந்தப் பின்வரிசையில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். அந்த ஐந்து நிமிடம் எல்லா யூடியூப் விமர்சனத்துக்கும் சமம்.

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர். அதில் டயர் காற்றழுத்தம் இரண்டு விதமாக எழுதியிருக்கும்: சாதாரணப் பாரத்துக்கு ஒன்று, முழுப் பாரத்துக்கு ஒன்று. பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கிற தம்பி எல்லா வண்டிக்கும் ஒரே எண்ணைச் சொல்லி அடிப்பார். ஸ்டிக்கரைப் பார்த்து நீங்கள்தான் சொல்ல வேண்டும். இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது! பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்ற குடும்ப எஸ்.யு.வி.யில் ஓடியவை. ஓடும்போதே டயரின் மேல்தோல் உரிந்து வண்டிகள் கவிழ்ந்தன, இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டயரின் தயாரிப்பிலேயே குறை இருந்தது. அதோடு அந்த வண்டிக்குச் சொல்லப்பட்ட காற்றழுத்தம் 26 பி.எஸ்.ஐ. என்ற தாழ்ந்த அளவு என்பதும் பெரிய விவாதமாயிற்று. காற்று குறைந்த டயர், கோடை வெயில், நெடுஞ்சாலை வேகம், நிறைந்த வண்டி. இந்த நான்கும் நம் ஊர் மே மாதத்தில் சேர்ந்தே வருகின்றன.

டயரின் பக்கச் சுவரில் 215/60 ஆர்17 96 ஹெச் என்பதுபோல ஒரு வரி இருக்கும். அதில் 96 என்ற எண்ணுக்குப் பொருள், அந்த ஒரு டயர் 710 கிலோ தாங்கும் என்பது! இன்னும் கொஞ்சம் தேடினால் ஒரு முட்டை வடிவத்துக்குள் நான்கு இலக்கம் கிடைக்கும். 2324 என்று இருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். புது வண்டியிலும் பாருங்கள், முக்கியமாக ஸ்டெப்னியில் பாருங்கள். ஓடாத டயருக்கும் வயதாகும், ரப்பர் உள்ளுக்குள் இறுகிக்கொண்டே இருக்கும். டயர் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன்: எம்.ஆர்.எஃப். 1946-இல் சென்னை திருவொற்றியூரில் என்ன செய்து ஆரம்பித்தது தெரியுமா? குழந்தைகள் ஊதும் பலூன்!

பின்சீட் ராஜாக்களுக்கு

2022 செப்டம்பர் 4. மும்பைக்கு வடக்கே பால்கர் அருகே பாலச் சுவரில் மோதிய சொகுசு எஸ்.யு.வி.யில் நான்கு பேர். முன்சீட்டில் இருந்த இருவர் பிழைத்தார்கள். பின்சீட்டில் இருந்த இருவர் இறந்தார்கள், அவர்களில் ஒருவர் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி. பின்னால் இருந்தவர்கள் பெல்ட் போடவில்லை. அன்றைக்கு நாடே பின்சீட் பெல்ட்டைப் பற்றிப் பேசியது. சட்டம் அதற்கு வெகுமுன்பே இருந்தது. பின்சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம், போடாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம். நம் குடும்பங்களில் அந்த பெல்ட்டின் கொக்கி இன்னும் சீட் கவருக்கு அடியில்தான் புதைந்து கிடக்கிறது.

காற்றுப்பை விரிய ஆகும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் சுமார் 30 பங்கு! கண் இமைப்பதற்குள் விரிந்து முடிந்துவிடும். அந்தக் கணக்கைக் குலைப்பது எது தெரியுமா? முன்னால் ஆசையாக மாட்டும் இரும்புக் கம்பி, புல் பார்! மோதலின் வேகத்தை அளக்கும் சென்சார்கள் வண்டியின் முகப்பு நசுங்கும் விதத்தை நம்பியிருக்கின்றன. கம்பி குறுக்கே வந்தால் பை தாமதமாகலாம், விரியாமலும் போகலாம். குறுக்கே வரும் பாதசாரிக்கோ அது நேரடி எமன். 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் இவற்றைக் கழற்றச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஆனாலும் ஆக்சஸரி கடை வாசலில் இன்றும் பளபளக்கிறது.

2023 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் மோதல் பரிசோதனையில் பெரியவர்களுக்கு ஒரு நட்சத்திரக் கணக்கு, குழந்தைகளுக்குத் தனிக் கணக்கு. குழந்தைகள் உள்ள வீட்டில் இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள். அந்த நட்சத்திரங்கள் குழந்தை இருக்கை பொருத்திய வண்டிக்குக் கிடைத்தவை. அம்மா மடியில் உட்கார்ந்துவரும் குழந்தைக்கு ஒரு நட்சத்திரமும் கிடையாது.

மைலேஜ் அளந்த சாலை எங்கே?

எங்கேயும் இல்லை! விளம்பரத்தில் வரும் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற எண், உருளைகள்மேல் வண்டியை நிறுத்தி, ஏ.சி. போடாமல், 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஓட்டி எடுத்தது. சிக்னல் கிடையாது, குண்டும் குழியும் கிடையாது, பின்னால் ஹாரன் அடிக்க ஆளும் கிடையாது. மாடல்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட அந்த எண் பயன்படும், மாத பட்ஜெட் போடப் பயன்படாது. வேகத்தை 80-இலிருந்து 100-க்கு உயர்த்தினால் காற்றின் எதிர்ப்பு 56 சதவீதம் கூடும். சுவர்போல நிமிர்ந்து நிற்கும் எஸ்.யு.வி.க்கு இது சாதாரண விஷயமல்ல.

டீசலா பெட்ரோலா? டீசல் வண்டி ஒன்றரை லட்சம் கூடுதல், பெட்ரோல் 12 கொடுக்கிறது, டீசல் 17 கொடுக்கிறது, லிட்டர் விலை 100-ம் 92-ம் என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு மிச்சம் மூன்று ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. போட்ட பணம் திரும்ப 50,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். ஆண்டுக்குப் பத்தாயிரம் ஓட்டுகிறவருக்கு ஐந்து வருடம்! 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ்.6 டீசலில் இன்னொரு ரகசியமும் உண்டு. புகையில் வரும் கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் நெடுஞ்சாலை வேகத்தில் சூடாகித்தான் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். தினமும் பள்ளிக்கூடம், மார்க்கெட், வீடு என்று மூன்று கிலோமீட்டர் சுற்றினால் அது அடைத்துக்கொள்ளும். ஊருக்குள்ளேயே சுற்றும் குடும்பத்துக்கு டீசல் வேண்டாம் என்பேன், தயக்கமே இல்லாமல்.

எழுபது வளைவும் 155 டிகிரியும்

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவது இன்ஜினின் வேலை, இறங்குவதுதான் பிரேக்கின் சோதனை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், தெரியுமா? டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரி! அதற்கு மேல் ஆவிக்குமிழ்கள் கிளம்பும், மிதி பஞ்சுபோல உள்ளே போகும். அதனால்தான் வண்டி ஓடாமல் நின்றாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். ஏறிய கியரிலேயே இறங்குவது என்ற பழைய லாரி டிரைவர்களின் வழக்கம் ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் பொருந்தும், மேனுவல் மோடுக்கு மாற்றிக்கொண்டால் போதும்.

பழைய வண்டி வாங்கப் போகிறீர்களா? சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் அடியில் சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கோடு காட்டிக்கொடுக்கும். பாலிஷ் போடுகிறவர்கள் அதுவரை போவதில்லை. எல்லாக் கண்ணாடியின் மூலையிலும் அச்சிட்டிருக்கும் கம்பெனிப் பெயரையும் ஆண்டுக்குறியையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கம் ஏதோ நடந்திருக்கிறது. புது வண்டி என்றாலும் 17 எழுத்துச் சேஸிஸ் எண்ணைக் கேட்டு வாங்கி, தயாரித்த மாதமும் ஆண்டும் எவை என்று பதிவுக்கு முன்பே உறுதி செய்யுங்கள். ஜனவரியில் கைக்கு வருவது போன வருட வண்டியாக இருந்தால் அதற்குத் தள்ளுபடி கேட்பது உங்கள் உரிமை. உலகின் எந்தக் காரிலும் அந்த 17-இல் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்காது, ஒன்றும் பூஜ்யமும் என்று குழம்பிவிடக் கூடாது என்பதற்காக!

இன்ஷூரன்ஸில் க்ளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்குச் சேரும் போனஸ் ஐந்து ஆண்டில் 50 சதவீதம் வரை போகும். அது வண்டிக்குச் சொந்தம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உங்களுக்குச் சொந்தம்! பழைய காரை விற்கும்போது கடிதம் வாங்கிக்கொண்டால் புது எஸ்.யு.வி.யின் சொந்தச் சேத பிரீமியத்தில் அப்படியே கழியும், மூன்று வருடம் வரை செல்லும். டீலர் தருகிற பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வெளியே விலை கேட்டுவிட்டு வந்து உட்காருங்கள், எதிரே இருப்பவரின் கால்குலேட்டர் தானாகக் கீழே இறங்கும்.

கடைசியாக ஒரு குட்டி அதிசயம். பெட்ரோல் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணம் இருக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? டேங்க் மூடி எந்தப் பக்கம் என்று அது காட்டுகிறது. 1986-இல் ஃபோர்டு இன்ஜினீயர் ஜிம் மொய்லன் கம்பெனிக் கார் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், பங்க்கில் தப்பான பக்கம் நிறுத்தி, மழையில் நனைந்தார். திரும்பி வந்த கையோடு மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். மூன்று வருடத்தில் ஃபோர்டு கார்களில் அந்த முக்கோணம் ஏறியது, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. உங்கள் வண்டியில் அது எந்தப் பக்கம் காட்டுகிறது, போய்ப் பார்க்காமல் சொல்லுங்கள் பார்ப்போம்!